சோளத் திருவிழாவை நிறுத்தியவள்

லோரீன் ஹோல்ஸ்டுக்கு வேலை போய் அன்றைக்கு இருநூற்றுப் பதினேழு நாள். ப்ளம் ஃபோர்க் ஊர் முதியோர் மையத்தின் வெள்ளை வேனில், கடைசி வரிசையில், முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன் வரிசையில் அதே நகர மேலாளர் வேலைக்கு நேர்முகம் வந்திருந்த இரண்டு ஆண்கள். இந்தத் தொழிலில் இது வழக்கம்தான். இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களை ஒரே வண்டியில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டுவார்கள். கழிவுநீர் நிலையம், தானியக் கிடங்கு, தீயணைப்பு நிலையம், புதிதாகத் தார் போட்ட ஒரே தெரு. ஒருவரையொருவர் தோற்கடிக்க வந்தவர்கள் ஒரே ஜன்னல் வழியாகப் பார்த்து ஒரே மாதிரி தலையாட்ட வேண்டும். நீச்சல் குளத்தின் முன்னால் வேன் நின்றது. மார்ச் மாதம். குளத்தில் தண்ணீர் இல்லை. அடியில் போன வருடத்து இலைகள் கறுத்துக் கிடந்தன.

"நல்ல குளம்" என்றான் முன்னால் இருந்த டெவன். முப்பத்து மூன்று வயது. ஒரு பெரிய ஊரில் துணை மேலாளராக இருக்கிறான். அவன் சட்டையில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

வண்டியை ஓட்டியவர் மேயர் ட்வைலா. ஊரில் முடி திருத்தும் கடை வைத்திருப்பவர். கண்ணாடியில் பின்னால் பார்க்கும்போதே யாருக்கு எங்கே முடி கொட்டியிருக்கிறது என்று குறித்துக்கொள்கிற பார்வை. அவர் பக்கத்தில் கிப். பல ஊர்களில் நகர மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஊர்களுக்கு மேலாளர் தேடிக் கொடுப்பது அவர் பிழைப்பு. மேயரும் மன்றமும் ஓட்டு வாங்கி வருகிறவர்கள். தண்ணீர், சாலை, குப்பை, போலீஸ் என்று ஊரை அன்றாடம் நடத்த அவர்கள் சம்பளத்துக்கு வைக்கும் ஆள்தான் மேலாளர். பிடிக்காவிட்டால் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை கூட்டத்தில் கை தூக்கி அனுப்பிவிடலாம். ஐந்து பேர் மன்றத்தில் மூன்று கை போதும்.

டெவனுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய உடம்பு திரும்பியது. வெர்ன். அறுபதைத் தாண்டியவர். கழுத்துப் பட்டையில் கோழிப் படம்.

"பின்னாடி இருக்கிற மேடத்துக்கு இது எத்தனாவது தடவ?"

"எது?"

"வேலைய விட்டுத் தூக்குனது."

"வெர்ன், அந்த வார்த்தைய விடுய்யா" என்றார் கிப், திரும்பாமலே.

"சரி, சரி. இடைமாற்றம்."

வேலை போன மேலாளர்களை அவர்கள் சங்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். இடைமாற்றத்தில் இருப்பவர்கள். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பெயர் அட்டைக்குக் கீழே ஒட்டிக்கொள்ள ஒரு பச்சை நாடாவே உண்டு. போன இலையுதிர்காலத்தில் லோரீனுக்கும் கொடுத்தார்கள். அவள் அதை ஒட்டவில்லை. அட்டையில் பெயருக்குக் கீழே ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுக்கொண்டு இரண்டு நாள் சுற்றினாள்.

"ஒரு தடவதான்" என்றாள்.

"அப்போ நீ இன்னும் பால்குடி. எனக்கு மூணு."

ட்வைலா சிரித்தார். "எதுக்கு அனுப்புனாங்க?"

"முதல் ஊர்ல நாய்க்கு லைசென்ஸ் வேணும்னு சொன்னேன். ரெண்டாவது ஊர்ல வேண்டாம்னு சொன்னேன். மூணாவது ஊர்ல ஒண்ணுமே சொல்லல, நாய் மேயரைக் கடிச்சிருச்சு."

"எனக்கு இதுவரைக்கும் ஒரு தடவகூட இல்ல" என்றான் டெவன், அடக்கமாக.

"கவலப்படாத தம்பி. வரும்."

வேன் மறுபடி நகர்ந்தது. ட்வைலா கண்ணாடியில் லோரீனைத் தேடிப் பிடித்தார். "லோரீன், கண்ணு, உனக்கு எங்க ஊர்ல அறிமுகமே வேண்டாம். சோளத் திருவிழாவை நிறுத்துனவதானே நீ? சாயங்காலம் பாரு, உன் மேசையிலதான் கூட்டம் நிக்கும்."

லோரீன் கிப்பின் பின்கழுத்தைப் பார்த்தாள். அது அசையவில்லை. பனி உருகி நின்ற வயல்களை அவர் மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விண்ணப்பத்தில் சோளத் திருவிழாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

*

ஹாடன் அயோவா மாநிலத்தில் இருக்கிறது. ப்ளம் ஃபோர்க்கிலிருந்து காரில் நான்கு மணி நேரம். ஐயாயிரத்துச் சொச்சம் பேர். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மட்டும் அது இருபதாயிரம் ஆகும். பூங்காவில் பெரிய அண்டாக்களில் சோளம் வேகும். யாருக்கும் காசில்லை, வெண்ணெய் தோய்த்து எத்தனை வேண்டுமானாலும் தின்னலாம். எலுமிச்சைச் சாறு, ஐஸ், தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளை நனைய விடுவது, எல்லாம் ஊர்த் தண்ணீரில். லோரீன் அங்கே எட்டு வருடம் மேலாளராக இருந்தாள்.

திருவிழாவுக்கு முந்தைய நாள், வெள்ளிக்கிழமை பிற்பகல், ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது. மாதாமாதம் எடுக்கும் ஆறு தண்ணீர் மாதிரிகளில் ஒன்றில், பூங்காவுக்குப் பக்கத்தில் எடுத்ததில், மலத்தில் இருக்கும் கிருமி. விதிப்படி மறுபடி மாதிரி எடுக்க வேண்டும். அது வளர்ந்து முடிவு தெரிய ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாள் காத்திருக்க விதி இடம் தருகிறது. மாநிலப் பொறியாளர் போனில், "ரெண்டுமே சரிதான். முடிவு உங்களோடது" என்றார். லோரீன் கல்லூரியில் உயிரியல் படித்தவள். கிருமி விதியைப் படித்துவிட்டு வளர்வதில்லை என்று அவளுக்குத் தெரியும். மேயர் பட் அவள் அறைக்குள் வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் கத்தினார்.

"சோளத்த வேகவைக்கத்தானே போறோம்! வேகவச்சா செத்துராதா?"

"எலுமிச்சைத் தண்ணியையும் வேகவைப்பீங்களா, பட்? ஐஸையும் வேகவைப்பீங்களா?"

மாலை ஐந்து மணிக்கு அவள் கையெழுத்துப் போட்டாள். தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கக் கூடாது, திருவிழா கிடையாது. குழாய்களைப் பூட்டச் சொன்னாள். பக்கத்து நகரத்திலிருந்து டிவி வண்டி வந்தது. பூட்டிய பூங்காவின் முன்னால் அவள் நின்று பேசிய முக்கால் நிமிடம் அன்றிரவு செய்தியில் வந்தது. அண்டாவுக்கு வந்திருந்த சோளம் பன்றிகளுக்குப் போனது.

யாரிடம் சொன்னாலும் லோரீன் இந்தக் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவாள். அடுத்தது செவ்வாய்க்கிழமைக்குத் தாவும். செவ்வாய்க்கிழமை மன்றக் கூட்டத்துக்கு முன்னால் பட் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தட்டச்சு செய்த ஒரு ராஜினாமாவை மேசைமேல் தள்ளினார். அதுவும் வழக்கம்தான். மேலாளர் தானாகவே போனதாக எழுதிக் கொடுப்பார். யாரும் வெளிப்படையாகக் கை தூக்க வேண்டியிருக்காது. கேக் வெட்டி அனுப்புவார்கள். எல்லா மேலாளர்களும் கையெழுத்துப் போடுவார்கள். லோரீன் பேனாவைத் தொடவில்லை.

"நான் போகல. நீங்க அனுப்புங்க. கை தூக்கி அனுப்புங்க."

அவர்கள் தூக்கினார்கள். ஒருவர் பின் ஒருவராக, நிதானமாக, அவளைப் பார்க்காமல். அவள் ஒவ்வொரு கையையும் பார்த்தாள். மூன்றாவது கை தபால்காரர் மர்லினுடையது. பாதி உயரத்திலேயே நின்றது. "மர்லின், அது கையா, இல்ல தோள் வலியா?" என்று கேட்டாள். கூட்டம் சிரித்தது. மர்லின் கையை முழுசாகத் தூக்கினார்.

பிறகு வக்கீல்கள் வந்தார்கள். ஆறு மாதச் சம்பளம். பதிலுக்கு, ஏன் பிரிந்தோம் என்று இரண்டு தரப்பும் வெளியே பேசக் கூடாது. கேட்டால் சொல்ல ஒரே வாக்கியம், "மன்றம் வேறு திசையில் போக விரும்பியது." நேர்முகங்களில் அவள் அதைச் சொல்லிப் பார்த்தாள். வாயில் ஈரமில்லாத ரொட்டி போல இருந்தது.

ஊரை விட்டு அவள் போகவில்லை. எல்லாரும் போய்விடுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அக்டோபரிலிருந்து விவசாயப் பொருள் கடையில் நாய்த் தீவன மூட்டைகளை அடுக்கினாள். அவளுக்கு எதிராகக் கை தூக்கியவர்களே அங்கே வந்து மூட்டை வாங்கினார்கள். "கார் வரைக்கும் தூக்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டால், அவர்கள் வேண்டாம் என்று தாங்களே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு காலையில் வாசற்படியில் யாரோ ஒரு சாக்கு சோளக் கதிரைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அவள் கணவன் டேல் வெட்கத்தில் அதைக் குப்பையில் அள்ளப் போனான். லோரீன் தடுத்து, உரித்து, வேகவைத்து, வெண்ணெய் தடவி இரண்டு கதிர் தின்றாள். மன்றக் கூட்டம் ஒன்றுகூட விடவில்லை. இரண்டாவது வரிசையில் போய் உட்காருவாள். ஊர்க்காரர் எவரும் மூன்று நிமிடம் பேசலாம். அவள் பேச மாட்டாள். அவள் பேசிவிடுவாளோ என்று அந்த ஐந்து பேரும் கூட்டம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் இரவில் கணக்கு வேறாக இருந்தது. இந்தத் தொழிலில் ஒரு வருடம் வெளியே இருந்தவரை யாரும் கூப்பிடுவதில்லை. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. உடைந்த குழாய், ஓடாத பனி வண்டி, பட்ஜெட்டில் விழும் ஓட்டை, இவைதான் அவளுக்குப் பிடித்தவை. இத்தனை மாதத்தில் இறுதிச் சுற்றுக்கு அவளைக் கூப்பிட்ட முதல் ஊர் ப்ளம் ஃபோர்க். கடைசி ஊராகவும் அதுவே இருக்கலாம்.

*

மதியம், தீயணைப்பு நிலையத்தின் பின்பக்கம், சேறும் பனியும் கலந்த கார் நிறுத்துமிடத்தில் கிப்பை அவள் பிடித்தாள்.

"அவங்களுக்கு என்ன அனுப்புனீங்க?"

"அந்த டிவி துண்டு. வேற ஒண்ணுமில்ல." கிப் சூயிங்கத்தைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டார். "நான் ஒரு பொய்யும் சொல்லல, லோரீன். வெள்ளிக்கிழமை ராத்திரி செய்தி. இருக்கிறது இருக்கிறபடி."

"சனிக்கிழமைய?"

"அவங்க கேக்கல. டிவிக்காரன் கேக்கல. ஹாடன்ல பேப்பரே மூடியாச்சு. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டதால உங்க மேயர் பட்டும் வாயத் திறக்க முடியாது. இதவிட வசதியா ஒரு வேலை போகவே போகாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்த ஊர்ல அஞ்சு வருஷம் முன்னாடி என்ன நடந்துச்சுன்னு தெரியும்ல?"

அவளுக்குத் தெரியும். விண்ணப்பிக்கும் முன்பே படித்திருந்தாள். இங்கேயும் ஒரு மாதிரியில் கிருமி வந்தது. அப்போதிருந்த மேலாளர் விதிப்படி இரண்டாவது முடிவுக்காகக் காத்திருந்தார். ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் சின்னப் பிள்ளைகள் பதினோரு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

"ஜோலீன்னு ஒரு அம்மா சாயங்காலம் வரும். அதோட பொண்ணுக்குத்தான் ரெண்டு கிட்னியும் போச்சு. அந்த அம்மா அபிப்பிராய அட்டைல என்ன எழுதுதோ அதத்தான் இந்த மன்றம் செய்யும். அது உன்னப் பாக்கத்தான் காத்துட்டு இருக்கு. கதைய வெள்ளிக்கிழமையோட நிறுத்து. சனிக்கிழமைக்குப் போகாத. யாராவது கேட்டா ஒப்பந்தம்னு சொல்லிட்டுச் சிரி."

"எனக்குச் சிரிக்க வராது."

"பழகிக்கோ. உன்ன இந்த வேன்ல ஏத்துறதுக்கு நான் எத்தனை பேர்கிட்ட பல்லக் காட்டுனேன் தெரியுமா?"

அவர் கெட்டவர் இல்லை. அவரையும் ஒரு காலத்தில் ஒரு ஊர் அனுப்பியிருக்கிறது. டிசம்பரில் யாரும் போன் எடுக்காதபோது கிப் மட்டும் எடுத்தார். அதனால்தான் அவள் மேலே பேசவில்லை. ஷூவில் ஒட்டிய சேற்றைப் படிக்கட்டு விளிம்பில் தேய்த்துவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே நீள மேசைக்குப் பின்னால் மன்றத்தார் ஐந்து பேர். கேள்விகள் எல்லா ஊரிலும் கேட்பவைதான். கடைசிக் கேள்விக்கு ஒருவர் தாளைப் பார்த்தே படித்தார். ஹாடன் அனுபவத்திலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள், இப்போது என்றால் எதை மாற்றிச் செய்வீர்கள்? இந்தக் கேள்வி மன்னிப்புக்காகப் போட்ட பாய் என்று லோரீனுக்குத் தெரியும். வந்து மண்டியிட வேண்டும். மக்களோடு இன்னும் பேசியிருக்கலாம், மன்றத்தை அரவணைத்துப் போயிருக்கலாம் என்று.

"அஞ்சு மணிக்குப் போட்ட கையெழுத்த நாலு மணிக்கே போடுவேன்" என்றாள். "ஒரு மணி நேரம் எங்க மேயரோட கத்திட்டு இருந்தேன். அதுக்குள்ள கடைக்காரங்க எல்லாரும் ஐஸ் எறக்கிட்டாங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள். ட்வைலா சிரிக்காமல் எதையோ குறித்துக்கொண்டார். கிப் சுவரோரமாக நின்று கட்டைவிரலை உயர்த்தினார்.

*

மாலையில் சமுதாயக் கூடம் மிளகாய்ச் சூப்பும் இலவங்கப்பட்டை ரோலுமாக மணத்தது. இரண்டையும் சேர்த்துத் தின்பது இந்தப் பக்கத்து வழக்கம்; பள்ளிக்கூடத்திலேயே பழகிவிடுவார்கள். ரோலைப் பிய்த்துச் சூப்பில் தோய்ப்பவர்களும் தோய்க்காதவர்களும் தனித்தனி மேசைகளில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டிருந்தார்கள். மூன்று வேட்பாளர்களுக்கும் ஆளுக்கொரு வட்ட மேசை. ஊர்க்காரர்கள் ஒவ்வொரு மேசையாக வந்து பேசிப் பார்த்து, ஒரு அட்டையில் பென்சிலால் அபிப்பிராயம் எழுதி வாசலில் இருந்த பெட்டியில் போட வேண்டும். வரிசையாக மூன்று மாப்பிள்ளைகளை உட்காரவைத்துப் பெண் வீட்டாரைப் பார்க்க விட்டது போல இருந்தது.

காப்பி எடுக்கப் போன இடத்தில் வெர்ன் நின்றார். கோழி டையில் சூப் சொட்டியிருந்தது.

"எனக்குச் சனிக்கிழமையும் தெரியும்" என்றார், கோப்பையில் சர்க்கரை போட்டுக்கொண்டே.

லோரீன் குழாயை மூடினாள்.

"உங்க ஊர் பொதுப்பணி ஆளு என் மச்சினனோட வேட்டைக்குப் போறவன். அவன் சொன்னான். பயப்படாத. மூணு தடவ வெளிய போனவன் இன்னொருத்தர தள்ளிவிட மாட்டான்." அவர் ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார். "நானா இருந்தா சொல்ல மாட்டேன். உன் மூஞ்சியப் பாத்தா சொல்லித் தொலைச்சிருவ போலிருக்கே."

"நான் சொல்லிட்டா உங்களுக்கு வேலை கெடைக்குமே?"

"எனக்கு எப்படியும் கெடைக்காது, தாயி. டைய பாரு."

அவர் போனார். யாருக்கும் தெரியப்போவதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாக உறைத்தது. கிப் சொல்ல மாட்டார், வெர்ன் சொல்ல மாட்டார், மேயர் பட் சொல்ல முடியாது. அவள் வெறுமனே நின்றால் போதும். ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. ஜூனில் டேலும் அவளும் இங்கே ஒரு வீடு பார்க்கலாம். அந்தக் குளத்தில் தண்ணீர் நிரப்பும் நாளில் அவள் அங்கே இருக்கலாம். பம்பு எப்போது மாற்றியது என்று கேட்டு, யாருக்கும் தெரியாதபோது தானே பழைய ஃபைலைத் தேடி எடுக்கலாம். கை அரிக்கிற அளவுக்கு அது பக்கத்தில் இருந்தது.

ட்வைலா சொன்னது சரிதான். அவள் மேசையில்தான் கூட்டம் நின்றது. டெவனின் மேசையில் இருந்தவர்கள்கூடச் சூப்புக் கிண்ணத்தோடு நகர்ந்து வந்தார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி அவள் கையைக் குலுக்கினார். "இருபதாயிரம் பேரு திருவிழாவ நிறுத்துனியாமே. உனக்குத் தைரியம் ஜாஸ்திம்மா."

"கோவமும் ஜாஸ்தி" என்றாள் லோரீன்.

"எங்க ஊர்லயும் ஜூலைல ரோடியோத் திருவிழா இருக்கு" என்றார் ட்வைலா எல்லாருக்கும் கேட்கும்படி. "அதையும் நிறுத்துவியா, கண்ணு?"

"நிறுத்த வேண்டி வந்தா நிறுத்துவேன்."

"நாங்க அஞ்சு பேரும் வேண்டாம்னு சொன்னா?"

"நிறுத்திட்டு வந்து உங்ககிட்ட சொல்லுவேன். செவ்வாய்க்கிழமை நீங்க கை தூக்கலாம். எனக்கு அது பழக்கம்."

சிரிப்பும் கைதட்டலும் கூரைவரை போயின. யாரோ அவள் முன்னால் ஒரு ரோலை வைத்தார்கள். சுவரோரத்தில் கிப் கண்ணை மூடித் திறந்தார், பிரார்த்தனை முடித்தவர் போல.

அப்போது கூட்டம் தானாக ஒதுங்கியது. ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். தானியக் கிடங்கின் பெயர் போட்ட சட்டை. நடக்கும்போது ஒரு கையை இடுப்பின் பக்கவாட்டில் லேசாக அழுத்திக்கொண்டு நடந்தாள். அது ஜோலீன் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அழுத்திய கையிலேயே குட்டைப் பென்சில், இன்னொன்றில் அட்டை. நாற்காலியை இழுத்து லோரீனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"உங்க செய்திய நான் பத்து தடவயாவது பாத்திருப்பேன்" என்றாள். "எம் பொண்ணும் பாத்துச்சு. ஒம்பது வயசு. என்னோட ஒரு கிட்னி அவகிட்டதான் இருக்கு. 'இந்த ஆன்ட்டி அப்ப நம்ம ஊர்ல இல்லையே'ன்னு கேட்டா."

லோரீன் நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்துக்கொண்டாள்.

"எங்க ஊர் மேலாளர் காத்திருந்தான். நீங்க காத்திருக்கல. அவ்வளவுதான் எனக்கு வேணும்." அவள் அட்டையை மேசைமேல் வைத்து, பெயர் எழுதும் கோட்டில் லோரீன் ஹோல்ஸ்ட் என்று எழுதினாள். கட்டை எழுத்து, ஒவ்வொன்றையும் அழுத்தி எழுதினாள். பிறகு நிமிர்ந்தாள். "ஒண்ணு மட்டும் கேக்கணும். பொண்ணுகிட்ட போய்ச் சொல்றதுக்கு. அந்த ஊர்ல எத்தன பிள்ளைங்க தப்பிச்சாங்க?"

சூப்புப் பாத்திரத்தின் மூடி மட்டும் ஆவியில் டிக் டிக் என்று எழும்பி விழுந்தது. கிப் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஜோலீன், இவங்களுக்கு ஒரு ஒப்பந்தம் இருக்கும்மா, அதப் பத்தி இவங்க..."

"கிப்" என்றாள் லோரீன். "கொஞ்சம் சும்மா இருங்க."

அவள் எதிரே இருந்த முகத்தைப் பார்த்தாள். ஹாடனில் ஐந்து பேர் தன்னைப் பார்க்காமல் கை தூக்கியது நினைவுக்கு வந்தது. எத்தனை மாதம் அதைச் சொல்லிச் சொல்லிக் காறித் துப்பியிருப்பாள். என் கண்ணைப் பார்த்து ஒருத்தன்கூடத் தூக்கவில்லையே என்று. ரோலைத் தட்டோடு ஓரமாக நகர்த்தினாள்.

"நான் வெளிய வந்ததே அந்தத் திருவிழாவ நிறுத்துனதாலதான். அத ஒப்பந்தம்னு யாரும் மூடி வைக்க வேண்டாம். என்ன அனுப்புனாங்க. இடைமாற்றமும் இல்ல, வேற திசையும் இல்ல. கை தூக்கி அனுப்புனாங்க. மறுபடி அதே வெள்ளிக்கிழமை வந்தாலும் அதேதான் செய்வேன். அதுல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, உங்ககிட்டயும் மன்னிப்புக் கேக்க மாட்டேன். ஆனா உங்க பொண்ணுகிட்ட தப்பாப் போய்ச் சொல்லிராதீங்க."

"என்ன சொல்லணும்?"

"ஒருத்தரும் தப்பிக்கல. தப்பிக்க ஒண்ணுமே இல்ல. சனிக்கிழமை சாயங்காலம் முடிவு வந்துச்சு. தண்ணி சுத்தமா இருந்துச்சு, ஜோலீன். நான் நிறுத்துனது நல்ல தண்ணிய."

ஜோலீனின் பென்சில் அட்டையில், லோரீனின் பெயருக்குக் கீழே, எழுதத் தொடங்கிய அபிப்பிராயத்தின் முதல் கோட்டில் அப்படியே நின்றது.